வடக்கு மாகாண சபைத் தேர்தலும் எல்லை நிர்ணயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் காலைப் பத்திரிகை வாசிப்பவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். சட்டத்தரணி அல்லாத ஒருவன் சட்டத்தையும் வர்த்தமானியையும் பல ஆண்டுகளாகப் படித்து விளங்கிக்கொண்டவை இவை.

கைதடியில் மாகாண சபை இப்போது கூடுகிறதா?

இல்லை. வடக்கு மாகாண சபையின் முதல் அமர்வு 2013 ஒக்டோபர் 25 அன்று கைதடியில் நடந்தது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே வைக்கப்படவில்லை. செயலாளர்கள், திணைக்களங்கள், ஊழியர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இலங்கை முழுவதும் ஒன்பது மாகாணங்களுக்கும் இதே கதிதான். ஆனால் அதிகாரப் பகிர்வு கேட்டு நின்றவர்கள் நாங்கள். ஆகவே இந்த வெறுமை எங்களுக்குக் கூடுதலாகச் சுடுகிறது.

அந்தச் சபையில் எத்தனை பேர் இருந்தார்கள்?

மொத்தம் 38 பேர். யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4 என 36 பேர் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு 2 போனஸ் ஆசனங்கள். 2013 செப்டெம்பர் 21 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போனஸோடு 30 ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 7, முஸ்லிம் காங்கிரசுக்கு 1.

1988 இல் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆகவே மாகாண சபைக்கென்று வடக்கில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தது 2013 இன் அந்த ஒரே ஒரு நாள்தான். மாகாண சபைச் சட்டம் வந்தது 1987 இல். இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு வாக்களிப்பு.

தேர்தல் நடக்காததற்கு எல்லை நிர்ணயம்தான் காரணமா? எல்லை போடுவது அவ்வளவு கடினமான வேலையா?

தொகுதிகளுக்கு எல்லை போட்டாயிற்று. போட்ட எல்லையை நாடாளுமன்றம் தூக்கி எறிந்தது. அதன்பின் அந்த வேலையை எவரும் முடித்துவைக்கவில்லை. இதுதான் விடயம். கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

2017 இல் சில மாகாண சபைகளின் காலம் முடிய இருந்தது. எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதற்காக அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பொதுசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே வேறு வழி பிடித்தார்கள். பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிசெய்ய ஏற்கெனவே ஒரு சட்டமூலம் சபையில் இருந்தது. அந்தச் சட்டமூலத்தின் வயிற்றுக்குள், குழுநிலையில், தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களைச் செருகினார்கள். பாதி உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்தும் மறுபாதி விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவார்கள் என்றானது. இதுதான் கலப்பு முறை. 2017 செப்டெம்பரில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு அது நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவளித்தது. அதுதான் 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம்.

தொகுதி முறை என்றால் தொகுதி வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐவர் கொண்ட எல்லை நிர்ணயக் குழு அமைந்தது. சில மாதங்களில், 2018 தொடக்கத்தில், அவர்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். 2018 ஓகஸ்ட் 24 அன்று அது வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பொறுப்பான அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். எங்கள் உறுப்பினர் எவரும் ஆதரித்துக் கை தூக்கவில்லை.

சட்டப்படி அடுத்த படி, பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்துக்குள் அது அறிக்கை கொடுக்கவேண்டும். அறிக்கை வரவில்லை. 2019 இல், பழைய விகிதாசார முறையில் தேர்தல் வைக்கமுடியுமா என்று ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். சட்டம் மாறாமல் முடியாது என்பதே பதில். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவே தேர்தல் விழுந்து கிடக்கிறது.

எல்லையில் தவறு இருந்தால் திருத்தலாம். அதற்கென்றுதான் மீளாய்வு. திருத்துவதற்கு இரண்டு மாதம் என்று எழுதிவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பதை நான் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஏற்றுக்கொள்ளமாட்டேன். வாக்குரிமையைப் பறிப்பதற்கு இதைவிட ஓசையில்லாத வழி இருக்கமுடியாது.

பழைய முறைக்கே திரும்பமுடியாதா?

முடியும். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவேண்டும், அவ்வளவுதான். கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் அதற்கென்றே தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். ஆட்சிக்கு வந்த எந்தத் தரப்பும் அதைத் தன் வேலையாக எடுத்து முடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆசனம் குறைந்துவிட்டது என்கிறார்களே, அதுவும் இந்த எல்லை நிர்ணயத்தால்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. அது நாடாளுமன்ற ஆசனம்; வேறு கணக்கு. 1989 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 11 உறுப்பினர்கள். 2010 இல் 9. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. மாவட்டத்தின் எல்லைக் கோடு இம்மிகூட நகரவில்லை. நகர்ந்தது எண்ணிக்கை.

கணக்கு இப்படி. நாடாளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியல். மிச்சம் 196. அதில் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு வீதம், ஆட்கணக்குப் பார்க்காமல் கொடுக்கப்பட்டவை. எஞ்சிய 160 ஆசனங்களை வாக்காளர் இடாப்பைப் பார்த்துத் தேர்தல்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் மாவட்டங்களுக்குப் பகிர்கிறது. 2024 இல் நாட்டின் வாக்காளர் 1 கோடியே 71 இலட்சம். 160 ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 7 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 93 ஆயிரம் பேர். ஐந்து முறை போகும், சொச்சம் மிஞ்சும். மிஞ்சிய ஆசனங்கள் சொச்சத்தில் முந்தியவர்களுக்குப் போகும். எங்களுக்கு வாய்த்தது ஐந்து, மாகாண ஒதுக்கீட்டிலிருந்து ஒன்று, ஆக ஆறு.

பக்கத்தில் வன்னியைப் பாருங்கள். வாக்காளர் 3 இலட்சத்து 6 ஆயிரம், யாழ்ப்பாணத்தின் பாதிதான். அங்கும் ஆறு ஆசனம். மாகாண ஒதுக்கீட்டு நான்கில் மூன்று வன்னிக்குப் போவதே காரணம். இதைச் சிலர் அநியாயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னாரிலிருந்து முல்லைத்தீவுவரை பரந்த நிலம் அது. மூன்று மாவட்ட மக்களுக்கு மூன்று பேர் மட்டும் இருந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது? நிலத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். எங்கள் நட்டம் வன்னியால் வந்ததல்ல.

அப்படியென்றால் எங்கள் ஆட்கள் எங்கே போனார்கள்?

விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச். இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். போர்க்காலம் முழுவதும் இடாப்பைச் சரியாகப் புதுப்பிக்க வழியில்லாததால், ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்களும் அதிலேயே கிடந்தன. 2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. இடாப்பு திருத்தப்பட்டபின், 2015 இல், 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பெயர்கள் கழிந்தன. ஊரில் இல்லாதவர் பெயர் நீங்கியது முறைதான். ஆனால் ஊரிலேயே, முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருந்த பலரும் அந்தத் திருத்தத்தில் அலைந்து திரிந்தார்கள்.

எங்கள் காணி வலிகாமம் வடக்கில், மயிலிட்டியில். 1990 ஜூனில் வெளிக்கிட்டோம். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு போயிற்று. அப்பா ஆண்டுதோறும் வாக்காளர் பதிவுக்கான பி.சி. படிவத்தை நிரப்புவார். முகவரி எழுதும் இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். தற்காலிக முகவரியை எழுதினால் சொந்த ஊரை விட்டுக்கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம். எழுதாவிட்டால் வாக்கு இல்லை. நிரப்பிய படிவத்தின் அடித்துண்டை வெட்டிப் பழைய பால்மா டின் ஒன்றுக்குள் போட்டுவைப்பார். காணி உறுதியும் அதே டின்னுக்குள்தான். 2013 இல் இடம்பெயர்ந்தவர்களை வாக்காளராகப் பதிவதற்கென்று சிறப்புச் சட்டம் வந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. அப்பா பார்க்கவில்லை. டின் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை இடாப்பில் வைத்திருந்தால் ஆசனத்தைக் காப்பாற்றலாம் அல்லவா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வேண்டாம். சாதாரணமாக வதியும் இடத்தில்தான் பதிவு. தவறான தகவல் கொடுப்பது குற்றம். அதைவிட, ஊரில் இல்லாத பெயரில் வேறு யாரோ வாக்குப் போட்டுவிடுவார்கள். 1994 இல் மிகக் குறைந்த வாக்களிப்பில், பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு ஒரு கட்சி யாழ்ப்பாணத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதைப் பெற்றதை மறந்துவிடவேண்டாம். இடாப்பில் பெயர் பெருகியிருந்தும் வாக்குச்சாவடியில் ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நாங்கள் செய்யவேண்டியது, ஊரில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரைத் தவறாமல் சேர்ப்பது.

கலப்பு முறை எங்களுக்கு நல்லதா, கெட்டதா?

கண்ணால் பார்த்திருக்கிறோம். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில்தான் நடந்தது. அங்கே வட்டாரத்துக்கு 60, பட்டியலுக்கு 40 என்ற விகிதம். யாழ்ப்பாணம் மாநகர சபையில் 27 வட்டாரங்கள். பட்டியலோடு சேர்த்து 45 உறுப்பினர்கள். தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10. யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. மேயர் தெரிவும் வரவுசெலவுத் திட்டமும் ஒவ்வொரு முறையும் இழுபறியாக முடிந்ததை நகரத்தார் அறிவார்கள்.

நல்ல பக்கமும் உண்டு. வாய்க்கால் அடைத்தால் யாரிடம் போவது என்று தெரிந்தது. வட்டாரத்துக்கு ஒரு முகம் இருந்தது. பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதால் சபைகளில் பெண்கள் அமர்ந்தார்கள். மாகாண சபையில் நிலைமை என்ன? 2013 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் 16 ஆசனங்களில் தெரிவான ஒரே பெண் அனந்தி சசிதரன். அவருக்கு 87 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குகள் கிடைத்தன. மக்கள் பெண்ணுக்கு வாக்களிக்கத் தயங்கவில்லை. கட்சிகள்தாம் இடம் கொடுக்கத் தயங்கின.

மாகாண சபைக்கு எந்த முறை என்று என்னைக் கேட்டால், விகிதாசாரமே. சிதறி வாழும் சிறு சமூகங்களுக்குத் தொகுதி முறை ஆபத்தானது. அடுத்த கேள்வியின் பதிலில் காரணம் இருக்கிறது.

எல்லை அறிக்கையை முஸ்லிம்கள் ஏன் எதிர்த்தார்கள்?

எல்லை நிர்ணயக் குழுவிலேயே இருந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் பாதிக்கப்படும் என்று தன் மாறுபட்ட கருத்தைத் தனியாகக் கொடுத்தார். அவர் புவியியல் பேராசிரியர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்தவர். வரைபடத்தில் ஒரு கோடு மனிதருக்கு என்ன செய்யும் என்று அறிந்தவர்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சந்தியும் சோனகத் தெருவும் ஒரு காலத்தில் எப்படி இருந்தன என்பது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். சில மணி நேர அவகாசத்தில் அங்கிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர். புத்தளத்திலேயே வேரூன்றியவர்கள் பலர். இன்றைய தலைக்கணக்கை வைத்துத் தொகுதி வெட்டினால் அந்த வெளியேற்றத்தின் விளைவு அப்படியே வரைபடத்தில் நிலைத்துவிடும். எங்களுக்கு மயிலிட்டி எப்படியோ, அவர்களுக்குச் சோனகத் தெரு அப்படி. எங்கள் இடப்பெயர்வைச் சொல்லும்போது அவர்களுடையதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தீவகம்?

கவலைப்படவேண்டிய இடம். யாழ்ப்பாண மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளில் முதல் ஆறும், ஜே/1 முதல் ஜே/6 வரை, நெடுந்தீவுதான். இலக்கத்தில் முதலிடம், ஆட்கணக்கில் கடைசி வரிசை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. பழைய தொகுதி முறையில் ஊர்காவற்றுறை தனித் தொகுதி. தலைக்கணக்கை மட்டும் பார்த்தால் தீவகத்தைப் பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊர்களோடு ஒட்டவேண்டிவரும். ஒட்டினால் வேட்பாளர் யாரைத் தேடிப் போவார்? இருபது நிமிடத்தில் சுற்றிவரக்கூடிய ஊர்களையா, படகு பார்த்துக் காத்திருக்கவேண்டிய நெடுந்தீவையா?

பழைய தொகுதிகள் இப்போதும் இருக்கின்றனவா?

பெயரளவில் இருக்கின்றன. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. தேர்தல் இரவில் முடிவுகள் இந்தப் பதினொரு பெயர்களில்தான் வருகின்றன. கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டம், மாகாண சபைத் தேர்தலிலும் தனி. நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் யாழ்ப்பாணத்தோடு.

அந்த ஐந்து ஆண்டில் சபை சண்டைதானே பிடித்தது? அது இல்லாமல் என்ன குறைந்துவிட்டது?

சண்டை நடந்தது, மறைக்கமாட்டேன். தொடக்கத்தில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான ஆளுநர் ஜீ. ஏ. சந்திரசிறியோடு முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரனுக்கு இழுபறி. பிரதம செயலாளரின் அதிகாரம் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை போயிற்று. 2017 ஜூனில் அமைச்சர்கள் மீதான விசாரணையைத் தொடர்ந்து முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை. சில நாள்களில் மீளப்பெறப்பட்டது. நியதிச்சட்டம் ஆக்குவதற்குச் செலவாகியிருக்கவேண்டிய நேரம் உட்பூசலில் கரைந்தது என்பதை அந்தச் சபைக்கு வாக்களித்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

ஆனாலும் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை, சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்றால் அவையில் உறுப்பினர் எழுந்து கேட்டார், அவைத்தலைவர் சி. வி. கே. சிவஞானம் பதில் கேட்டார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. இப்போது ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே எல்லாம். நல்ல ஆளுநராகவே இருக்கலாம். அவரை நாங்கள் தெரிவுசெய்யவில்லை, மாற்றவும் முடியாது.

நாங்கள் இப்போது செய்யக்கூடியது என்ன?

பி.சி. படிவம் வந்ததும் நிரப்புங்கள். வராவிட்டால் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போய்க் கேளுங்கள். இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும்போது ஒரு தடவை நேரில் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை, இருக்கக்கூடாத பெயர் இருந்தால் ஆட்சேபனை. இரண்டுக்கும் படிவம் உண்டு, காலக்கெடுவும் உண்டு. கட்சிக்காரர் வாக்குக் கேட்டு வரும்போது இரண்டு மாத மீளாய்வு என்னவாயிற்று என்று கேளுங்கள்.

எல்லை நிர்ணயக் குழு மறுபடி கருத்துக் கேட்டு வந்தால் என்ன எழுதிக் கொடுப்பது?

உணர்ச்சியை முதல் பந்தியோடு நிறுத்திவிட்டு விபரத்துக்கு வாருங்கள். கிராம அலுவலர் பிரிவு இலக்கங்கள், எந்தப் பிரிவு எதோடு சேரவேண்டும், ஏன். சந்தை எது, பாடசாலை எது, பஸ் எந்த வழியால் போகிறது, எந்தக் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர்கள் சேர்கின்றன. இடம்பெயர்ந்தவர் இருந்தால் எத்தனை குடும்பம், எப்போது திரும்பக்கூடும். வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு இணையுங்கள்.

போன முறை எங்கள் சனசமூக நிலையத்தில் ஐந்தாறு பேர் இரண்டு மாலை இருந்து அப்படி ஒரு தாள் எழுதினோம். கடற்றொழில் செய்யும் ஒரு முதியவர்தான் கோட்டைத் திருத்தினார். ஒழுங்கையின் எந்தப் பக்கத்து வளவு எந்த விதானைப் பிரிவு என்பது அவருக்கே சரியாகத் தெரிந்தது. ஆளுக்காள் கையெழுத்து வைத்து அனுப்பினோம். பிரதி மேசை லாச்சிக்குள் இருக்கிறது. குழு வரும் என்று அறிவித்தால் திகதியை மட்டும் மாற்றவேண்டும்.